என் வெட்டு மேசைமேல் வைக்கப்பட்ட ஐந்து மடக்குக் கத்திகள் குறித்து

அனுப்புநர்:
சோபா, நாற்காலி உறை தைப்பவர்,
பின்வரிசைக் கடைசி அறை,
நீளக்கட்டடம்.

பெறுநர்:
உயர்திரு காவல் ஆணையர் அவர்கள்,
காவல் ஆணையர் அலுவலகம்.

பொருள்: தொழில் செய்வோர் நம்பிக் கொண்டுவந்து காட்டிய மடக்குக் கத்திகளைப் பறிமுதல் செய்த ஆயுதங்கள் எனக் காட்டி ஐவர் மீது வழக்குப் பதிந்தது – அவ்வழக்கை நீக்கவும், நீக்க இயலாதெனில் என் பெயரையும் அதில் சேர்க்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. “நீளக்கட்டடத்தில் ஆயுதக் குவியல், ஐவர் சிக்கினர்” என்ற நாளிதழ்ச் செய்தி. 2. எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் நான் நேரில் கொடுத்து, வாங்க மறுக்கப்பட்ட மனு.

மதிப்பிற்குரிய ஆணையர் அம்மா அவர்களுக்கு,

1. மேற்கண்ட முகவரியில், பழைய சோபாக்களையும் நாற்காலிகளையும் பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுக்கும் தொழிலை நான் செய்துவருகிறேன். என் கணவர் காலமாகிவிட்டார். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். கட்டடத்தில் என்னை எல்லோரும் சோபாக்கா என்று கூப்பிடுவார்கள். என்னைவிட மூத்தவர்களும் அக்கா என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அது இம்மனுவின் பொருள் அல்ல. இதற்குமுன் எந்த அலுவலகத்துக்கும் நான் மனு எழுதியதில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். செய்தியில் பிழை இல்லை.

2. நீளக்கட்டடம் முன்பு ஒரு கிடங்காக இருந்தது. இப்போது பலகையும் தகரமும் வைத்துத் தடுத்து, அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தெருவைப் பார்த்த முன்வரிசையில் பழக்கடையும், என் அண்ணன் நடத்தும் படச்சட்டக் கடையும் எதிரெதிரே உள்ளன. நடுவில் வயர்மேனின் அறையும் ஆர்மோனியம் பழுதுபார்ப்பவரின் அறையும். கடைசியில் நான். என் அறைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் செடிக்காரர் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். மாடியில் குடியிருப்போரில், அரசு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக வேலை செய்யும் பெண்ணும் ஒருவர். பழக்கடைக்காரர், வயர்மேன், ஆர்மோனியக்காரர், செடிக்காரர், மருந்தக உதவியாளர் ஆகிய இந்த ஐவர்தான் இப்போது குற்றம் சாட்டப்பட்டிருப்பவர்கள். என் அண்ணன் கட்டடச் சங்கத்தின் செயலாளர். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான் பிள்ளைகள்.

3. இவர்களிடம் மடக்குக் கத்தி இருந்தது உண்மை. யாரும் மறுக்கவில்லை. எதற்காக இருந்தது என்பதை மட்டும் தாங்கள் அறிய வேண்டும்.

வயர்மேனை மின்னல் என்பார்கள். வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. காலையில் கூப்பிட்டால் சாயங்காலம் வருவார். வந்துவிட்டால், உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் ஒரு கீறல்கூட விழாமல் வயரின் மேல்தோலை மட்டும் சீவி எடுப்பார். கீறல் விழுந்த கம்பி என்றைக்காவது ஒரு நாள் சூடேறித் தீப்பிடிக்கும் என்பார். செடிக்காரரின் கத்தி ஒரு பக்கம் மட்டும் தீட்டியது. ரோஜாச் செடியின் பட்டையைக் கீறி, அதற்குள் இன்னொரு செடியின் மொட்டைச் செருகிக் கட்டுவார். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்முன் கத்தியை மருந்துத் துணியால் துடைத்துக்கொள்வார். ஆர்மோனியக்காரர் பெட்டிக்குள் இருக்கும் பித்தளை நாக்குகளைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிச் சுருதி சேர்ப்பார். பழக்கடைக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் துண்டு நறுக்கிக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வார். அந்தக் கத்தியால் இதுவரை நஷ்டப்பட்ட ஒரே ஆள் அவர்தான்; பாதிப் பழம் ருசி பார்த்தே தீர்ந்துவிடும்.

மருந்தக உதவியாளரைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல அனுமதி கோருகிறேன். போன மழையில் எங்கள் தெருமுனைச் சாக்கடைக்குள் ஒரு கன்று விழுந்து, கழுத்துக் கயிறு கம்பியில் மாட்டி, நாக்கு வெளியே தள்ளிக்கொண்டு கிடந்தது. சுற்றி நின்றவர்கள் யாரைக் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் வேலைக்குப் போகிற உடுப்போடு இடுப்பளவுச் சாக்கடையில் இறங்கி, கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே விரலைக் கொடுத்து, விரலுக்கு மேலே கத்தியை வைத்துக் கயிற்றை அறுத்தார். கன்று பிழைத்தது. அந்தக் கத்திதான் இப்போது தங்கள் நிலையத்தில் ஆயுதம் என்ற பெயரில் இருக்கிறது.

என்னிடமும் ஒரு கத்தி உண்டு. பழைய தையலைப் பிரிக்கவும், துருப்பிடித்த சிற்றாணிகளை நெம்பவும், சணலை அறுக்கவும். அது நிலையத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதே என் மனுவின் முக்கியமான பகுதி.

4. சில மாதங்களுக்கு முன் பேருந்து நிலையத்தின் பின்புறம் இளைஞர்கள் சிலருக்குள் நடந்த சண்டையில் ஒருவருக்குக் கத்திக்குத்து விழுந்தது. அதன்பின் எங்கள் பகுதியில் சோதனை கடுமையானது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் வேலைக்குப் போகும் வழியில் வயர்மேனை நிறுத்திப் பையைத் தரையில் கொட்டி, அவரிடமிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்று ஒரு வீட்டில் வயரைப் பல்லால் கடித்து உரித்ததாக வந்து சொன்னார். நாங்கள் சிரித்தோம். சிரித்தாலும், அடுத்து யாருடைய பை என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

5. அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் சங்கக் கூட்டம் போட்டார். அவர் சொன்னதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்: “ஆய்வாளர் ஐயாகிட்ட பேசிட்டேன். எல்லாரும் கத்தியைக் கொண்டுவந்து, என்ன வேலைக்குன்னு ஒருதரம் செஞ்சு காட்டுங்க. ஆளுக்கொரு அட்டை குடுத்துருவாரு. அப்புறம் எந்தச் சோதனையிலயும் உங்க மேல யாரும் கை வைக்க மாட்டாங்க.”

செடிக்காரர் மட்டும் கேட்டார்: “அட்டைக்கு ஆள் போனா பத்தாதா? கத்தி எதுக்கு?”

அதற்கு அண்ணன், “நான் இருக்கேன்ல?” என்றார்.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தாங்கள் நினைக்கலாம். கட்டடத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவரால். ஆர்மோனியக்காரரின் மனைவி இறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வாங்கிவந்தது முதல் எல்லாம் முடியும்வரை கூட நின்றவர் அவர். மருந்தக உதவியாளரைக் கூடப்பிறந்த தங்கை மாதிரி நடத்துவார். அந்தப் பெண் வேலையிலிருந்து தாமதமாகத் திரும்பும் நாட்களில் மாடிப்படி விளக்கை அணைக்க விடமாட்டார். அவர் “நான் இருக்கேன்” என்றால் இருப்பார். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

6. குறிப்பிட்ட நாளில் நிலைய ஆய்வாளர் மதியம் என் அறைக்கு வந்தார். கட்டடத்தில் நீளமான மேசை என் வெட்டு மேசைதான் என்பதால் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் கேட்டிருந்தார். பாதி பிரித்திருந்த சோபாவை ஓரமாகத் தள்ளி, பஞ்சைக் கூட்டி, மேசைமேல் இருந்த சுண்ணாம்புக் கோடுகள் அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று பச்சை ரெக்ஸின் விரித்து வைத்தேன். வீட்டுக்கு விருந்தாளி வருவதைப் போலத்தான் செய்தேன்.

ஆய்வாளர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்லி, அக்கறையாகக் கேட்டார். வயர்மேன், பிடுங்கியதற்குப் பதிலாக வாங்கியிருந்த புதுக் கத்தியால் ஒரு துண்டு வயரை உரித்துக் காட்டினார். செடிக்காரர் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தார். ஆர்மோனியக்காரர் ஒரு நாக்கைச் சுரண்டி, பெட்டியில் மாட்டி, வாசித்துக் காட்டினார். “அட, பிரமாதம்” என்று ஆய்வாளர் கைதட்டினார். பழக்கடைக்காரர் ஆப்பிள் நறுக்கினார். எல்லோரும் சாப்பிட்டோம், ஆய்வாளரும் சாப்பிட்டார், இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார். பிறகு கத்திகளை மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். என் கத்தியையும் வரிசையின் ஓரத்தில் வைத்தேன். அண்ணன், படங்களை ஓரம் வெட்டும் தன் கத்தியைக் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, “கடையில விட்டுட்டேன்” என்றார். கடை அதே கட்டடத்தின் முன்வரிசையில்தான் இருக்கிறது.

7. அப்போது அண்ணன் என்னிடம், “உன் அண்ணி லைன்ல இருக்கா, ஏதோ அவசரமாம். என் கடையில போன் வெச்சிருக்கேன், போய்ப் பேசு” என்றார். நான் முன்வரிசைக்கு ஓடினேன். அண்ணியிடம் என்ன அவசரம் என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்றார். சாப்பிட்டாயா, கால்வலி எப்படி இருக்கிறது, மகள் பேசினாளா என்று ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைக்க விடவில்லை. குரல் அழுத குரல் மாதிரி இருந்தது. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது படம் எடுத்து முடித்திருந்தார்கள். அண்ணன் என் தையல் மிஷின் அருகே நின்றுகொண்டிருந்தார். ஆய்வாளருடன் வந்தவர் கத்திகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அட்டையோடு சேர்த்துத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். பழக்கடைக்காரர் ஆய்வாளருக்கு ஒரு பை நிறையப் பழம் கொடுத்து அனுப்பினார்.

8. அடுத்த நாள் காலை, பழம் மடிக்கத் தாளைக் கிழிக்கப்போன பழக்கடைக்காரர்தான் செய்தியை முதலில் பார்த்தார். பச்சை ரெக்ஸின்மேல் ஐந்து கத்திகள். பக்கத்தில் அளவு காட்ட ஒரு ஸ்கேல். ரகசியத் தகவலின் பேரில் அதிரடிச் சோதனை நடத்தி ஆயுதங்களைக் கைப்பற்றியதாகவும், கத்திக்குத்துச் சம்பவத்துக்கு ஆயுதம் இங்கிருந்து போயிருக்கலாம் என்று விசாரிப்பதாகவும் எழுதியிருந்தது. “சோதனையாம்! ஆப்பிள் சாப்பிட்டதைப் போடலையே!” என்று அவர் கத்தியது என் அறைவரை கேட்டது.

அன்று பகலிலேயே வந்துவிட்டார்கள். மாடியிலிருந்து மருந்தக உதவியாளரை, அவருடைய மாமியார் பார்க்க, கூட்டிப்போனார்கள். செடிக்காரரை மண் படிந்த கையைக்கூடக் கழுவ விடவில்லை. வயர்மேன் ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே போய் இறக்கினார்கள். நிலையத்தில் அவரைப் பார்க்கப் போனபோது என்னிடம் அவர் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சுவிட்ச் பெட்டியை மூடாம வந்துட்டேன்க்கா. சின்னக் குழந்தை இருக்கிற வீடு. யாராவது போய் மெயினை அணைக்கச் சொல்லுங்க” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். அந்த வீட்டம்மா கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு, மூடிக்கொண்டார்.

9. நால்வருக்கு ஜாமீன் உடனே கிடைத்தது. ஆய்வாளரை எதிர்த்துப் பேசியதாகச் சொல்லி வயர்மேனுக்கு மட்டும் தாமதமானது. அவர் பேசியது சுவிட்ச் பெட்டியைப் பற்றி மட்டும்தான். இப்போது அவர் தினமும் நிலையத்தில் கையொப்பமிட வேண்டும். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. மற்றவர்கள் வீட்டுக்குள் போய்ச் செய்கிற தொழில் அவருடையது. இப்போது யாரும் அவரை உள்ளே விடுவதில்லை. மருந்தக உதவியாளரை வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். செடிக்காரர் சவர பிளேடால் ஒட்டுக்கட்டப் பார்த்து, கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டார். ஆர்மோனியக்காரர் கடை திறப்பதே இல்லை. பழக்கடைக்காரர் கடை திறக்கிறார், ஆனால் முழுப் பழமாகத்தான் விற்கிறார், யாரிடமும் பேசுவதில்லை. அவர் பேசாமல் இருப்பதை இந்தத் தெரு இதற்குமுன் பார்த்ததில்லை.

10. இனி என்னைப் பற்றி. கைதானவர்களில் நான் இல்லை. படத்தில் என் மேசை இருக்கிறது, என் ரெக்ஸின் இருக்கிறது, ரெக்ஸினின் ஓரத்தில் நான் வளைத்துப் போட்ட சுண்ணாம்புக் கோடுகூடத் தெரிகிறது. என் கத்தி மட்டும் இல்லை. அது எங்கே போனது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். இரண்டொரு நாள் கழித்து நூல்கண்டு எடுக்க மிஷின் இழுப்பறையைத் திறந்தபோது, உள்ளே, துணித் துண்டுகளுக்கு அடியில் கிடந்தது. நான் அதை இழுப்பறையில் வைக்கும் வழக்கம் கிடையாது.

அம்மா, அப்போதுதான் எனக்கு அண்ணியின் போன் விளங்கியது. அண்ணன் மிஷின் அருகே நின்றது விளங்கியது. ஆய்வாளர் பின்னால் மனம் மாறிச் செய்த காரியம் இது, அண்ணனும் எங்களைப் போல ஏமாந்தவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்; எல்லோரிடமும் அவருக்காக வாதாடியும் இருந்தேன். நடக்கப்போவது தெரியாதவர் எதற்காக ஒரே ஒரு கத்தியை மட்டும் வரிசையிலிருந்து எடுத்து ஒளித்துவைக்க வேண்டும்? இதை நான் ஆதாரமாகத் தங்கள்முன் வைக்கிறேன். உடன்பிறந்தவருக்கு எதிரானது என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

நான் கண்டுபிடிக்கும் முன்பே மற்றவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆறு பேர் கத்தி வைத்தோம், ஐந்து பேர் மாட்டினார்கள், தப்பித்தவள் செயலாளரின் தங்கை. வேறு எப்படி நினைப்பார்கள்? என் அறையில்தான் நடந்தது. மேசைமேல் துணி விரித்து வைத்தவளும் நான்தான். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆர்மோனியக்காரர் மட்டும் ஒரு நாள் நின்று, “நம்ம கழுத்தை அறுக்க உங்க அண்ணனுக்குக் கத்தியே தேவைப்படலை பாருங்க” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் அதை மறக்க முடியவில்லை.

11. நான் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் ஒரு கல்யாணப் படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். கத்தியை அவர் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்ததும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். பொய் சொல்லப் பார்க்கவில்லை. அதற்கு மட்டும் அவருக்கு நன்றி.

பேருந்து நிலையச் சண்டை நடந்த அன்று அவருடைய மகன், அதாவது என் மருமகன், அந்தப் பக்கம் போயிருக்கிறான். அவனையும் வழக்கில் சேர்க்கப்போவதாகவும், மேலிடத்துக்கு ஆயுதப் பறிமுதல் காட்டியாக வேண்டும் என்றும், கட்டடத்தில் கத்தி வைத்திருப்பவர்களை ஒரே இடத்தில் கூட்டிக்கொடுத்தால் பையனை விட்டுவிடுவதாகவும் ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். “சின்ன வழக்கு, அபராதத்தோட போயிரும்னாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னாரு. என் பையன் மேல கொலை முயற்சி கேஸ்னா அவன் வாழ்க்கையே போச்சே. நீ என்ன பண்ணியிருப்பே, சொல்லு?” என்றார்.

நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது வேறு. “என் கத்தியை ஏன் எடுத்தே?” என்று கேட்டேன்.

“தங்கச்சியை உள்ள அனுப்பச் சொல்றியா? உன்னைக் காப்பாத்தினதுக்கு இதுதான் நீ குடுக்கிற மரியாதையா?” என்றார்.

“மின்னலோட பொண்டாட்டியும் யாருக்காவது தங்கச்சிதானே அண்ணா” என்றேன். பின்னறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் அன்று போனில் என்னைப் பிடித்துவைத்திருந்தபோது அழுதது ஏன் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் பிடித்துத்தான் வைத்திருந்தார்.

12. அதன்பின் நான் காவல் நிலையம் சென்றேன். என் கத்தியையும், நடந்ததை எழுதிய ஒரு மனுவையும் கொண்டுபோனேன். அந்த ஐந்து கத்திகளும் ஆயுதம் என்றால் இதுவும் ஆயுதம், என்மீதும் வழக்குப் போடுங்கள் என்றேன். ஆய்வாளர் முதலில் சிரித்தார். “ஆசைப்பட்டு யாராவது கேஸ் வாங்குவாங்களா? போய்ப் பொழப்பைப் பாருங்கம்மா” என்றார். நான் நகராமல் நின்றதும் சிரிப்பு நின்றது. “உங்க மருமகன் ஞாபகம் இருக்கட்டும்” என்று மெதுவாகச் சொன்னார். மனுவை வாங்கவில்லை. அவர் மேசையில் ஒரு தட்டு நிறையப் பழம் இருந்தது. அது பழக்கடைக்காரர் கொடுத்ததாக இருக்க முடியாது, எப்போதோ தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பித் திரும்பி அதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் மருமகன் மாட்டுவான். எழுதாவிட்டால் ஐவரும் மாட்டியபடியே இருப்பார்கள். என் மகளும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இரண்டு முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப்போட்டேன்.

13. கிழித்துப்போட்ட மறுநாள் மருமகனே என் அறைக்கு வந்தான். வீட்டில் அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டதில் எல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாசலிலேயே நின்று, “அத்தை, எழுதுங்க. என்னை நினைச்சு நிறுத்தாதீங்க” என்றான்.

பிறகு அவன் சொன்னதைத் தாங்கள் கவனமாகப் படிக்கக் கோருகிறேன். சண்டை நடந்த வேளையில் அவன் பேருந்து நிலையத்தின் முன்வாசலில் டிக்கெட் வரிசையில் நின்றிருக்கிறான். அந்தக் கேமராப் பதிவைக் காவல்துறையினர் சம்பவத்துக்கு அடுத்த வாரமே பார்த்து, அவனுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஒரு வக்கீலை வைத்து நீதிமன்றத்தில் விசாரித்தபோது இது தெரியவந்திருக்கிறது. வழக்கில் அவன் பெயர் எந்த இடத்திலும் இல்லை. சாட்சியாகக்கூட இல்லை. ஆய்வாளர் என் அண்ணனிடம் பேரம் பேசியபோது, விட்டுவிடுவதாகச் சொன்ன பையன்மேல் போட எந்த வழக்கும் அவர் கையில் இருக்கவில்லை.

அதாவது, ஐந்து குடும்பங்களைக் கொடுத்து என் அண்ணன் வாங்கியது ஒன்றுமே இல்லை.

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டேன். தலையாட்டினான், இல்லை என்று. “அவர்கூடப் பேசறதில்லை அத்தை. நீங்க சொல்லுங்க” என்றான். நானும் சொல்லவில்லை. படச்சட்டக் கடைவரை போய்விட்டுத் திரும்பிவந்தேன். மகனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரு நினைப்பில்தான் அவர் கடையைத் திறக்கிறார், சாப்பிடுகிறார், தெருவில் தலையைக் குனிந்தபடியாவது நடக்கிறார். அதைப் பிடுங்க என்னால் முடியவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபம் இருந்தும் முடியவில்லை.

14. ஆகவே தங்களிடம் நான் பணிந்து கேட்பது:

ஐவர் மீதும் உள்ள வழக்கைத் திரும்பப்பெற உத்தரவிட வேண்டும். அதே நாளிதழில், அதே அளவு எழுத்தில், அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று வெளியிடச் செய்ய வேண்டும். முக்கியமாக வயர்மேன் பற்றியும் மருந்தக உதவியாளர் பற்றியும். ஒருவருக்கு வீடுகள் கதவைத் திறக்க வேண்டும், மற்றவருக்கு அலுவலகம் திறக்க வேண்டும். ஆய்வாளர் பொய்யான மிரட்டலில் பறிமுதல் காட்டியதைத் தாங்களே நேரடியாக விசாரிக்க வேண்டும். அதே நிலையத்துக்கு இம்மனுவைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

இவை முடியாதென்றால், என் பெயரை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும். ஐவருடன் நானும் நீதிமன்றப் படியேற அனுமதிக்க வேண்டும். விடுதலையானாலும் தண்டனையானாலும் அவர்களுக்கு ஆவது எனக்கும் ஆகட்டும். நான் வேலை செய்யும் இடத்தில், நான் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில், இனி வேறு எந்த வகையிலும் என்னால் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

என் அண்ணன் மீது நடவடிக்கை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். அதில் அவர் எங்கே நிற்கிறார் என்பதைத் தாங்கள் பார்த்துக்கொள்வீர்கள். அவர் என் கத்தியை வரிசையிலிருந்து எடுத்தபோது என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார். அதையும் விசாரணையில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இம்மனுவில் கூடக் கையொப்பமிடும்படி ஐவரையும் கேட்டேன். நால்வர் மறுத்துவிட்டார்கள். காகிதத்தில் கையொப்பம் என்றாலே பயமாக இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. மருந்தக உதவியாளர் மட்டும் மாடியிலிருந்து இறங்கிவந்து, முழுவதையும் நின்றபடியே படித்து, கையொப்பமிட்டுவிட்டுப் படியேறிப் போனார்.

தங்கள் பதிலுக்காக, பகலில் எந்நேரமும் அறையைத் திறந்தே வைத்திருக்கும்,

(ஒப்பம்)
சோபா தைப்பவர்

(ஒப்பம்)
கால்நடை மருந்தக உதவியாளர், மாடி

இடம்: நீளக்கட்டடம், பின்வரிசை
நாள்: 14, திங்கட்கிழமை

நகல்: கட்டடச் சங்கச் செயலாளர், படச்சட்டக் கடை, முன்வரிசை.
அண்ணா, பதின்மூன்றாம் பத்தியைக் கடையில் வேறு ஆள் இல்லாத நேரத்தில் படி. அண்ணியைப் பக்கத்தில் இருக்கச் சொல்.